உருளும் புழுவா, ஒதுங்கும் ஈயா? பழ ஈயில் வலி மரபணுவைத் தேட எந்தச் சோதனை

பழ ஈயை வைத்து வலி சார்ந்த மரபணுக்களை ஆராயலாம் என்று முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் முதலில் யோசிப்பது எந்த மரபணுவை எடுப்பது என்றுதான். அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது: எந்தச் சோதனையில் பார்க்கப் போகிறோம்? ஒரே மரபணுவை முடக்கிவிட்டு ஒரு சோதனையில் பார்த்தால் வலியே தெரியாத உயிர் போல இருக்கும், இன்னொன்றில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. பிக்பாக்கெட் மரபணு இதற்கு நல்ல உதாரணம். அது பழுதான புழுவை, அதாவது முட்டையிலிருந்து வந்து இன்னும் ஈயாகாத இளம் பருவத்தை, கூரான முனையால் அழுத்தினால் சரியாக உருண்டு விலகாது. சூடு வைத்தாலோ வழக்கம்போலவே உருளும். சூட்டுச் சோதனை மட்டும் செய்தவருக்கு இந்த மரபணு கண்ணிலேயே பட்டிருக்காது.

ஆகவே சோதனைகளை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் மரபணுவுக்கே போக வேண்டும். என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்குபவர் புழுவையும் சூட்டு முனையையும் எடுத்துக்கொள்வது நல்லது, கூடவே ஒளித் தூண்டலையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த ஈயைக் கொண்டு செய்யும் சோதனைகளைக் கேள்வி கட்டாயப்படுத்தினால் மட்டும் தொடலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உடலுக்குச் சேதம் விளைவிக்கக்கூடிய ஒன்றை நரம்பு கண்டுகொள்வதையும், உடல் அதிலிருந்து விலகுவதையும்தான் இங்கே வலி என்கிறேன். ஈயின் உள்ளுக்குள் அது எப்படி இருக்கிறது என்பதைக் கீழே வரும் எந்தச் சோதனையும் அளப்பதில்லை.

சூட்டு முனை

2003-இல் டேனியல் ட்ரேசி, சீமோர் பென்சர் உள்ளிட்டோர் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறைக்குப் பாதை போட்டது. 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான முனையால் பக்கவாட்டில் தொட்டால் பழ ஈயின் புழு தன் உடலின் நீள அச்சைச் சுற்றி உருள்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். சூடில்லாத அதே முனையால் தொட்டால் நின்றுபோகும், தலையை இழுக்கும், திசை திரும்பும், ஆனால் உருளாது. இந்தச் சோதனையின் மொத்தப் பலமும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. உருளுதல் என்பது சாதாரண ஊர்தலின் வேகமான வடிவம் இல்லை. அது தனியொரு அசைவு, பார்த்த கணமே தெரிந்துவிடும். நடந்ததா நடக்கவில்லையா என்று இரண்டு பேர் பார்த்தாலும் கருத்து வேறுபாடு அதிகம் வராது.

இப்படி உருளாத புழுக்களைத் தேடிப் போனபோது கிடைத்த மரபணுவுக்குத்தான் பெயின்லெஸ் என்று பெயர் வைத்தார்கள். டிரிப் என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்த அயனித் தடம் ஒன்றை, அதாவது செல்லின் சவ்வில் அயனிகளுக்கு வாயிலாக இருக்கும் புரதத்தை, உருவாக்கும் மரபணு அது. சாதாரணப் புழுவின் நரம்பில் 38 டிகிரிக்கு மேல் மின்துடிப்புகள் சரசரவென்று எழுகின்றன, பெயின்லெஸ் பழுதான புழுவில் அவை எழுவதில்லை. நடத்தையில் பார்த்ததையே நரம்பிலும் பதிவுசெய்து காட்டியதால்தான் அந்த ஆய்வு இன்றும் நிற்கிறது.

கருவியில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. சால்டரிங் அயர்ன் போன்ற ஒன்றின் முனையை மெல்லியதாக்கி, அதில் வெப்பமானியை ஒட்டி, மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வெப்பநிலையைப் பிடித்து வைப்பார்கள். 46 டிகிரி அளவில் முனையைப் புழுவின் வயிற்றுக் கண்டங்களில் நான்காவது முதல் ஆறாவது வரை ஏதோ ஒன்றின் பக்கவாட்டில் வைக்க வேண்டும். உணவை விட்டு வெளியேறிக் குப்பியின் சுவரில் ஏறத் தொடங்கியிருக்கும் மூன்றாம் பருவப் புழுக்கள்தான் இதற்குத் தோது. 25 டிகிரியில் வளர்த்தால் முட்டையிட்ட ஐந்தாம் நாள் வாக்கில் அவை கிடைக்கும். தொட்ட கணத்திலிருந்து ஒரு முழுச் சுற்று உருளும் வரை எத்தனை நொடி என்று பார்ப்பார்கள். 10 நொடி ஆகியும் உருளவில்லை என்றால் அத்துடன் நிறுத்திவிடுவார்கள்.

எளிதாகத் தெரிகிறது, ஆனால் இதில் கெட்டுப்போவதற்கு நிறைய வழிகள் உண்டு. முதல் எதிரி தண்ணீர். பெட்ரி தட்டில் மிக மெல்லிய நீர்ப்படலம்தான் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் புழு மிதக்கும், முனையின் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும், உருளும் நேரம் தானாகவே நீண்டுவிடும். வறண்டுபோனாலும் ஆகாது, புழு தட்டில் ஒட்டிக்கொண்டு உருளத் திணறும். அடுத்தது கை அழுத்தம். லேசாகத் தொட்டால் சூடு ஏறாது, அழுத்தினால் புழு உருள இடமில்லாமல் சிக்கும். மூன்றாவது, புழுவை எப்போது தொடுகிறீர்கள் என்பது. நேராக ஊர்ந்துகொண்டிருக்கும்போது தொடுவதும் தலையை ஆட்டித் தேடிக்கொண்டிருக்கும்போது தொடுவதும் ஒன்றல்ல. குப்பியில் எந்த வகைப் புழு இருக்கிறது என்பது சோதிப்பவருக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் நம் கையே பொய் சொல்லும்.

வெப்பநிலையைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு முடிவுதான். 46 டிகிரியில் சாதாரணப் புழு மிக விரைவாக உருண்டுவிடும். அதைவிட விரைவாக உருளும் புழுவை அங்கே கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் குறைய இடமே இல்லை. உணர்வு மங்கிய வகையைத் தேடுகிறீர்கள் என்றால் 46 சரி. உணர்வு கூடிய வகை வேண்டும் என்றால் 42 வாக்கில் இறங்க வேண்டும். அங்கே சாதாரணப் புழு தயங்கித் தயங்கி உருளும், வேகமானது தனியாகத் தெரியும்.

இந்த உருளல் ஆய்வகத்தில் மட்டும் தோன்றும் விந்தை அல்ல. லெப்டோபிலினா பௌலார்டி என்ற ஒட்டுண்ணிக் குளவி இந்தப் புழுக்களின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிடும் ஊசியை அது குத்தும்போது புழு உருள்கிறது, அதுவும் குத்து வந்த பக்கம் நோக்கியே உருள்கிறது. தோலுக்கடியில் கிளை பரப்பிக் கிடக்கும் நான்காம் வகை நரம்பணுக்களை முடக்கிய புழுக்கள் குளவிக்கு எதிராக இந்த உருளலைச் செய்வதில்லை. உடலின் ஒவ்வொரு கண்டத்திலும் பக்கத்துக்கு மூன்று என்று இருக்கும் இந்த நரம்பணுக்கள் ஒன்றின் எல்லையை ஒன்று மீறாமல் தோல் முழுவதையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. பிக்பாக்கெட் மரபணு இவற்றில்தான் வெளிப்படுகிறது. அதன் இயக்கியை (மரபணு எந்தச் செல்லில் இயங்கும் என்று தீர்மானிக்கும் டிஎன்ஏ பகுதி) வைத்துச் செய்த கால்4 வகை ஈ, அதாவது வேறு மரபணுக் கருவிகளை முடுக்கிவிடும் கால்4 புரதம் அந்தச் செல்களில் மட்டும் உருவாகும் ஈ, கையில் இருந்தால் இந்த நரம்பணுக்களில் மட்டும் எந்த மரபணுவையும் அணைக்கலாம். புழுவைத் தேர்ந்தெடுக்க எனக்கு இதுவே முதல் காரணம். எந்த நரம்பணு உணர்கிறது என்பது தெரியும், அதைத் தனியாகத் தொடும் கருவியும் இருக்கிறது.

குத்தும் இழை

ஒரே தடிமனுள்ள நைலான் இழையை அது வளையும் வரை புழுவின் முதுகில் அழுத்துவது இரண்டாவது சோதனை. இழையின் நீளத்தையும் தடிமனையும் பொறுத்து எத்தனை மில்லிநியூட்டன் விசை என்று எடைத்தட்டில் வைத்து அளந்துகொள்ளலாம். செலவே இல்லை.

இதில் கிடைத்த மரபணுக்கள் சூட்டுச் சோதனையில் கிடைத்தவற்றோடு பாதி ஒத்துப்போகின்றன, பாதி விலகுகின்றன. பெயின்லெஸ் இரண்டிலும் வேண்டியிருக்கிறது. அழுத்தத்தால் திறக்கும் தடமான பியெசோ குத்தலுக்குத் தேவை, சூட்டுக்குத் தேவையில்லை என்று 2012-இல் காட்டினார்கள். பியெசோவும் பிக்பாக்கெட்டும் தனித்தனிப் பாதைகளில் வேலை செய்கின்றன. இரண்டையும் சேர்த்துக் குறைத்தால்தான் குத்தலுக்கான உருளல் ஏறக்குறைய முழுதாக அடங்குகிறது. ஒரே நரம்பணு சூட்டையும் குத்தலையும் உணர்கிறது, ஆனால் இரண்டுக்கும் வேறு வேறு மூலக்கூறுகளை வைத்திருக்கிறது என்பது இந்த இரண்டு சோதனைகளையும் அருகருகே வைத்ததால்தான் தெரிந்தது.

குறை என்னவென்றால் கை நடுக்கம். சூட்டு முனையில் வெப்பநிலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும், இங்கே விசையின் வேகமும் கோணமும் முழுக்க உங்கள் விரல்களில் இருக்கின்றன. பழகாத ஒருவர் முதல் வாரம் எடுத்த எண்களையும் மூன்றாவது வாரம் எடுத்த எண்களையும் ஒரே அட்டவணையில் போடக்கூடாது. தனியாக இதை மட்டும் நம்பி ஒரு திட்டத்தைத் தொடங்க நான் சொல்லமாட்டேன். சூட்டுச் சோதனைக்குத் துணையாக என்றால் தாராளமாகச் செய்யலாம்.

(குளிர் தனிக் கதை. கடுங்குளிரில் தொட்டால் புழு பெரும்பாலும் உடலைச் சுருக்கிக்கொள்கிறது. அதற்கு முக்கியமானவை மூன்றாம் வகை நரம்பணுக்கள். உருளலை மட்டும் எண்ணுபவர் இதைப் பூஜ்யம் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.)

வளர்ந்த ஈ

இப்போது எதிர்த்தரப்பு. வளர்ந்த ஈக்களை ஒரு பெட்டியில் விட்டு அதன் ஒரு பரப்பை 46 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள், இன்னொரு பக்கம் 31 டிகிரி வாக்கில் இருக்கும். சாதாரண ஈ சூட்டுப் பக்கத்தை விட்டு ஒதுங்கிவிடும். ஒதுங்கத் தெரியாத ஈ அங்கேயே போய் மயங்கி விழும். விழுந்தவற்றை எண்ணினால் போதும்.

இதன் பலம் எண்ணிக்கை. சூட்டு முனையால் புழுக்களை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும், இங்கே ஒரு பெட்டியில் பல ஈக்கள். 2010-இல் வெளியான பெரிய தேடல் ஒன்றில் பழ ஈ மரபணுக்களின் பெரும்பகுதியை ஆர்என்ஏ குறுக்கீட்டால் (மரபணுவின் செய்தியை அழித்து அதை அடக்கும் முறை) நரம்பு மண்டலம் முழுவதிலும் ஒவ்வொன்றாக அணைத்து, இந்தப் பெட்டியில் போட்டுப் பார்த்தார்கள். புழுச் சோதனையில் அப்படி ஒன்றைச் செய்து முடிப்பது நினைத்துப் பார்க்கவே கடினம். அந்தத் தேடலில் வெளிவந்த ஸ்ட்ரெயிட்ஜாக்கெட் என்ற மரபணு கால்சியம் தடத்தின் துணைக்கூறு ஒன்றைத் தருகிறது. அதற்கு இணையான மரபணுவை எலியில் நீக்கியபோது சூட்டு வலி குறைந்தது. மனிதர்களிலும் அந்த மரபணுவின் சில மாறுபாடுகள் குறைந்த சூட்டு வலியோடும், முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் நீடிக்கும் வலி குறைவதோடும் தொடர்புடையதாக இருந்தன. நரம்பு வலிக்குக் கொடுக்கப்படும் காபாபென்டின் பிடிப்பது இதே குடும்பத்தின் இன்னொரு உறுப்பினரைத்தான். ஈயிலிருந்து மனிதர் வரை இவ்வளவு நேராக வந்து சேர்ந்த பாதை அபூர்வம்.

அப்படியென்றால் ஏன் இதை முதலில் எடுக்க வேண்டாம் என்கிறேன்? ஒதுங்காமல் இருப்பதற்கு வலி தெரியாததைத் தவிர ஆயிரம் காரணம் உண்டு. நடக்க முடியாத ஈ ஒதுங்காது. சுவரில் ஏறும் பழக்கம் குலைந்த ஈ ஒதுங்காது. சூடு தெரிந்தாலும் சீக்கிரமே தசை செயலிழந்துவிடும் ஈ பாதி வழியில் விழுந்துவிடும். பைரெக்ஸியா என்ற மரபணு பழுதானால் ஈக்கள் கடும் வெப்பத்தில் விரைவாக முடங்கிவிடுகின்றன. அதைப் பெட்டிக்குள் எண்ணினால் வலி தெரியாத ஈ என்றே கணக்கில் வரும்.

இதைவிடச் சிக்கலானது, இதமான வெப்பத்தைத் தேடுவதும் சுடும் வெப்பத்தை விட்டு ஓடுவதும் வளர்ந்த ஈயில் பின்னிக் கிடப்பது. ட்ரிப்-ஏ1 மரபணு ஈயின் தலைக்குள் இருக்கும் ஒரு சில நரம்பணுக்களில் வேலை செய்து, 25 டிகிரியைச் சுற்றிய இதமான இடத்தைத் தேர்ந்தெடுக்க உதவுகிறது என்று 2008-இல் காட்டினார்கள். அதே மரபணு புழுவில் சுடும் சூட்டை உணரவும் தேவைப்படுகிறது. ட்ரிப்-ஏ1 பழுதான ஈ பெட்டியில் தடுமாறினால் அது இதத்தைத் தவறவிட்டதா, சூட்டைத் தவறவிட்டதா? பெட்டி பதில் சொல்லாது. புழுவின் உருளலில் இந்தக் குழப்பம் இல்லை, இதமான இடத்தைத் தேடி எந்தப் புழுவும் உருண்டு போவதில்லை.

வளர்ந்த ஈயைத்தான் எடுத்தாக வேண்டும் என்ற சூழல்களும் உண்டு. முதலாவது, கற்றல். ஒரு வாசனையோடு மின்னதிர்ச்சியைச் சேர்த்துக் கொடுத்தால் ஈ அந்த வாசனையை விட்டு விலகக் கற்கிறது என்பதைப் பென்சரின் ஆய்வகம் 1974-இலேயே காட்டியது. 2004-இல் வந்த இன்னொரு முடிவு எனக்கு இதைவிடப் பிடித்தது. அதிர்ச்சிக்கு முன் வந்த வாசனையை வெறுக்கும் ஈ, அதிர்ச்சி முடிந்த பின் வந்த வாசனையை நாடிப் போகிறது. புழுவும் கற்கும், ஆனால் சில நாட்களில் கூடு கட்டிவிடும். நாள் கணக்கில் நீளும் நினைவைப் பார்க்க வளர்ந்த ஈதான் வேண்டும்.

இரண்டாவது, நீடிக்கும் வலி. 2019-இல் வந்த ஆய்வில் ஈயின் ஒரு காலை நீக்கிவிட்டு, காயம் ஆறிய பிறகு பார்த்தார்கள். முன்பு பொருட்படுத்தாத மிதமான சூட்டுக்கே ஈ தப்பிக்க முயன்றது, அந்த மாற்றம் மறையவில்லை. நரம்பு வடத்தில் அடக்கி வைக்கும் காபா நரம்பணுக்கள் குறைந்துபோயிருந்தன. சில நாட்களே புழுவாக இருக்கும் உயிரில் இதைக் கேட்கவே முடியாது. காயத்துக்குப் பின் குறுகிய காலம் கூடும் உணர்வு என்றால் புழுவே போதும். புற ஊதாக் கதிர் பட்ட புழு சில மணி நேரத்தில் கூடுதல் உணர்வு பெறுகிறது. சேதமடைந்த தோல் செல்களிலிருந்து வரும் ஐகர் என்ற சமிக்ஞை, நம் உடலின் அழற்சிப் புரதமான டிஎன்எஃப்-இன் உறவினர், அதில் பங்கெடுப்பது 2009-இல் தெரிந்தது. ஹெட்ஜ்ஹாக் என்ற இன்னொரு சமிக்ஞைப் பாதையின் பங்கு 2011-இல் சேர்ந்தது.

ஒளி

நான்காம் வகை நரம்பணுக்களில் பாசியிலிருந்து எடுத்த ஒளித் தடப் புரதத்தை வைத்தால் நீல ஒளி பட்டதும் புழு உருள்கிறது. சூடும் இல்லை, குத்தலும் இல்லை. 2007-இல் இப்படித்தான் இந்த நரம்பணுக்கள் தூண்டப்படுவது மட்டுமே உருளலுக்குப் போதும் என்று நிறுவினார்கள்.

தனிச் சோதனையாக ஒளி அவ்வளவு சுவாரஸ்யம் இல்லை. சூட்டு முனையோடு சேரும்போதுதான் அதன் மதிப்பு தெரியும். உங்கள் புழு சூட்டுக்கு உருளவில்லை. ஒளிக்கு உருள்கிறதா? உருண்டால் தசையும் நரம்புச் சுற்றும் நன்றாக இருக்கின்றன, பழுது சூட்டை உணரும் இடத்தில் இருக்கிறது. ஒளிக்கும் உருளவில்லை என்றால் பழுது அதற்கப்பால், நரம்பணு துடிப்பதிலோ அது பேசும் அடுத்த நரம்பணுவிலோ தசையிலோ இருக்கிறது. பெட்டியில் விழுந்த ஈயிடம் இந்தக் கேள்வியை இவ்வளவு சுத்தமாகக் கேட்க முடியாது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒளித் தடப் புரதம் இயங்கத் தேவையான ரெட்டினால் என்ற மூலக்கூறை உணவில் கலக்காமல் வளர்த்த புழுக்களைக் கண்ட்ரோலாகக் கட்டாயம் வைக்க வேண்டும். நான்காம் வகை நரம்பணுக்கள் கடுமையான நீல ஒளியைத் தாமாகவே உணரும் என்று 2010-இல் தெரியவந்ததால், சிவப்பு ஒளியில் இயங்கும் புதிய தடங்கள் இன்னும் பாதுகாப்பானவை. அடுத்தது அதிர்வு. வலிச் சமிக்ஞையும் அதிர்வுச் சமிக்ஞையும் பேசின் எனப்படும் நரம்பணுக்களில் வந்து கூடுகின்றன, இரண்டும் சேர்ந்து வந்தால் உருளும் வாய்ப்பு ஏறுகிறது. சென்ட்ரிஃபியூஜ் ஓடும் மேசையில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு நேற்றைய எண் இன்று ஏன் வரவில்லை என்று குழம்ப வேண்டாம்.

அப்புறம், மரபணுவை எப்படி அணைப்பது

சோதனை முடிவானால் கருவி தானாகவே பாதி முடிவாகிவிடும். மரபணுவே பழுதான பழைய வகைகளை எடுத்தால் உடல் முழுவதும் பழுது, எந்தத் திசுவில் தேவை என்று தெரியாது. கூடவே மரபுப் பின்னணி. இரண்டு சாதாரண வகை ஈக்களுக்கு நடுவிலேயே உருளும் நேரம் வேறுபடலாம். ஆகவே பழுதான வகையை உங்கள் கண்ட்ரோல் வகையோடு பல தலைமுறை கலந்து பின்னணியை ஒன்றாக்காமல் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அவசரப்படுபவர்கள் இந்தப் படியைத்தான் முதலில் தாண்டுவார்கள்.

ஆர்என்ஏ குறுக்கீடு வேகமானது, திசுவையும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் முழுதாக அணைக்காது, குறி தவறி வேறு மரபணுவையும் தொடலாம். ஒரே மரபணுவின் வேறு வேறு பகுதிகளைக் குறிவைக்கும் இரண்டு தனித்தனி வகைகள் ஒரே விளைவைத் தந்தால்தான் நான் நம்புவேன். குறுக்கீட்டு ஈ வகைகளைத் தரும் வியன்னா சேகரிப்பின் ஒரு பிரிவில், ஈயின் மரபில் சேர்த்த டிஎன்ஏ துண்டு (செருகல்) தவறான இடத்தில் விழுந்து, எந்த மரபணுவைக் குறிவைத்தாலும் வேறொரு கோளாறு தலைகாட்டும் வகைகள் இருப்பது பின்னால்தான் வெளிப்பட்டது. வாங்கிய வகையில் அந்தச் செருகல் இருக்கிறதா என்று பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) பார்த்துக்கொள்ளலாம், ஒரு நாள் வேலை. கடைசியில் கிறிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவியால் மரபணுவை வெட்டி, அதே நரம்பணுவில் மட்டும் மரபணுவைத் திரும்ப வைத்து உருளல் மீண்டதா என்று பார்த்துவிட்டால் விமர்சகருக்குச் சொல்ல அதிகம் இருக்காது.

வளர்ந்த ஈயைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் தலைவலி. மரபணுவை வளர்ச்சியில் தொடாமல் பின்னால் மட்டும் அணைக்க வேண்டும் என்றால் வழக்கமாகச் செய்வது, கால்4-ஐத் தடுக்கும், வெப்பத்தால் செயலிழக்கும் கால்80 அடக்கியை வைத்துக்கொண்டு ஈக்களை 18 டிகிரியில் வளர்த்து, பிறகு 29-க்கு மாற்றுவது. நடத்தை ஆய்வுகளில் இது அன்றாட வித்தை. நாம் அளப்பதோ வெப்பத்துக்கான எதிர்வினை, ஈ எந்த வெப்பநிலையில் இருந்து வந்தது என்பதே அதை மாற்றக்கூடும். அடக்கி இருந்தும் குறுக்கீடு இல்லாத ஈக்கள், குறுக்கீடு இருந்தும் இயக்கி இல்லாத ஈக்கள், 18-லேயே விட்ட ஈக்கள் என்று எல்லாவற்றையும் பக்கத்தில் ஓட்ட வேண்டும். புழுவில் பிக்பாக்கெட் இயக்கி ஒன்றை வைத்து ஒரே வாரத்தில் முடியும் வேலை, இங்கே குப்பிகளின் எண்ணிக்கையிலேயே மூன்று மடங்காகும்.

புள்ளியியலில் ஒரு வார்த்தை. 10 நொடியில் நிறுத்திய புழுவின் நேரம் 10 நொடி அல்ல, பத்துக்கு மேல் ஏதோ ஒன்று. அதை 10 என்றே எழுதிச் சராசரி எடுத்து டி-சோதனை செய்தால் உணர்வு மங்கிய வகை இருப்பதைவிடக் குறைவாகத்தான் மங்கியதாகத் தெரியும். உயிர்வாழ்தல் பகுப்பாய்வில் நோயாளிகளைக் கையாள்வதுபோல இந்தப் புழுக்களைத் துண்டிக்கப்பட்ட மதிப்புகளாக வைத்து லாக்-ரேங்க் சோதனை செய்யலாம். ஒவ்வொரு புழுவின் எண்ணையும் புள்ளியாகவே வரைபடத்தில் காட்டுங்கள், மேல் விளிம்பில் எத்தனை குவிந்திருக்கின்றன என்பது அங்கேயே தெரிந்துவிடும்.